கன்றலுக்கு எத்தனை நிறம்

கழுத்தை அறுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். டிஷ்யூ பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, பசை தடவி, கழுத்தில் ஒட்டி, காயவிட்டு, நடுவில் ஒரு கீறல் போட வேண்டும். கீறலின் இரண்டு உதட்டையும் நகத்தால் தூக்கிவிட்டு உள்ளே குங்குமத்தையும் காப்பித்தூளையும் ரோஸ்மில்க் எசன்ஸில் குழைத்து விட்டால் ரத்தம். மெதுவாகச் சொட்ட வேண்டுமென்றால் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. போன வருஷம் இப்படி அறுத்த கழுத்தோடு இயற்பியல் லேபில் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு, அட்டெண்டர் அண்ணன் குரலில் "சார், புள்ள போயிருச்சு சார்" என்று முனகினேன். சார் அப்படியே ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து, கூடவே ஒரு வோல்ட்மீட்டரையும் கொன்றார். "செண்பகவல்லி, உனக்கெல்லாம் வெக்கம் மானம் இருக்கா?" இது ஹெட்மிஸ்ட்ரஸ், மூக்கால் பேச வேண்டும், மானத்தில் வரும் 'னம்' மட்டும் தொண்டைக்குள் விழ வேண்டும். மூன்று நாள் சஸ்பெண்டு. மூன்று நாளும் வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் தோண்டிப் பழகினேன். பிதுங்கிய கண்ணுக்குப் பன்னீர்த் திராட்சை நன்றாக வரும், தோலை உரித்துவிட வேண்டும். அம்மா கதவைத் திறந்து பார்த்து அலறி, பிறகு அந்தத் திராட்சையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, "சனியனே, கிலோ என்ன விலை தெரியுமா" என்றாள். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் அலறுவதில்லை. நெற்றியில் கோடாலி சொருகிக்கொண்டு போய் நின்றாலும் "தோசை ரெண்டா மூணா" என்றுதான் கேட்பார்கள். இப்போது என் கையில் கத்தி இல்லை, ஸ்பாஞ்சு. எதிரே நாற்காலியில் கோமதி அக்கா. மண்டபத்து மணமகள் அறை, டியூப்லைட் கண்ணடிக்கிறது, கண்ணாடியில் யாரோ பழைய பொண்ணு ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. வெளியே அக்காவின் வளைகாப்புக்கு வந்த கூட்டம் டிபன் சாப்பிடுகிறது. கதவைத் தாழ்போட்டது அக்காதான். போட்டுவிட்டுத்தான் முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கழற்றினாள்.

சளி என்று சொல்லியிருந்தாள். காரிலிருந்து இறங்கும்போதே மாஸ்க். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காச்சல் இல்லையே" என்றாள். அத்தான் பின்னாலிருந்து, "ஏசி ஒத்துக்கல அத்தை, நான் சொன்னாக் கேக்குறாளா" என்றார். அத்தானுக்கு நல்ல குரல். தேனில் ஊறப்போட்ட ரேடியோ. அந்தக் குரலைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் சின்னதாக ஒரு சிரிப்பை ஒட்ட வேண்டும், விலைச்சீட்டு மாதிரி. மாஸ்க் இறங்கியதும் நான் சிரித்துவிட்டேன். சத்தியமாக. அவ்வளவு நன்றாக இருந்தது அது. இடது கன்ன எலும்பின் மேல், நாலு விரல் அகலத்துக்கு, ஓரம் மங்கி நடு அடர்ந்து. எனக்கு முதலில் வந்தது பொறாமை. யாருடி போட்டுவிட்டது, நம்ம ஊரில் என்னைவிட ஒருத்தி இருக்கிறாளா என்று விரலை நீட்டினேன். அக்கா தலையை இழுத்துக்கொண்ட வேகத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. "தொடாதட்டி, வலிக்கி." பிறகு, ஒத்திகை பார்த்த மாதிரி ஒரே மூச்சில், "பீரோக் கதவு இடிச்சிட்டு. மறச்சிரு செம்பா. ஒன்னாலதான் முடியும். பத்தே காலுக்கு உக்காரணும், நல்ல நேரம் பதினொன்னோட முடியுது." ஒன்னாலதான் முடியும். எனக்கு அந்த வார்த்தை போதும், வால் ஆட ஆரம்பித்துவிடும். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். என் மேக்கப் பெட்டி அதுதான், காம்பஸ் இருந்த இடத்தில் புருவ பிரஷ், அரை வட்டத்துக்குக் கீழே கண்மை.

சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு வெளிர் ஊதா. காயத்தை மறைக்க வேண்டுமென்றால் அதன் எதிரியைக் கூட்டிவந்து மேலே உட்காரவைக்க வேண்டும். இதை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்வார்கள், ஆனால் எல்லோரும் வெள்ளைத் தோலில் சொல்வார்கள். நம் தோலில் சிவப்பு சிவப்பாக வருமா? வராது. முதல் நாள் நாவல்பழம் மாதிரி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் சைக்கிளோடு ரயில்வே கேட் பள்ளத்தில் விழ வேண்டியிருந்தது. வேண்டுமென்றே இல்லை, பஸ் கண்டக்டர் குரலில் "ரைட் ரைட்" சொல்லிக்கொண்டு ஓட்டியதில் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போனது. பதினாலு நாள் காலையும் சாயந்தரமும் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, அன்றன்றைக்கு என்ன நிறமோ அதை லிப்ஸ்டிக்கிலும் மையிலும் மஞ்சள்தூளிலும் குழைத்து மறுகாலில் பூசிப் பார்த்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் நாவல்பழம், மூன்றாம் நாள் கத்தரிக்காய், ஐந்தாம் நாள் பச்சை கலந்த மண், எட்டாம் நாள் மஞ்சள் ஓரத்தோடு தேயிலை, பன்னிரண்டாம் நாள் வெறும் அழுக்கு. பதினாலாம் நாள் எது நிஜக்கால் எது பொய்க்கால் என்று தெரியாமல் அம்மா தவறான காலில் தைலம் தேய்த்தாள். என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்த முதல் பரிசு அது. ஆக, அக்காவின் கன்னத்தில் இருப்பது நேற்றைய நாவல்பழம். நேற்று மத்தியானத்துக்கு மேல், ராத்திரிக்கு முன்னால். ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் சூடாக்கினேன்.

எனக்கு மேக்கப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இதை யாரிடம் சொன்னாலும், ஓ அப்படியா, அக்கா மாதிரியே பேஜ் ஆரம்பிக்கப் போறியா என்பார்கள். கொன்றுவிடலாம் போல் இருக்கும். "ஹாய் செல்லம்ஸ்! இன்னைக்கு நம்ம கோமு கிளோ டைரில என்ன பாக்கப் போறோம்னா!" இது அக்கா, ஆனால் அக்கா இல்லை. அக்கா பேசும்போது கை பேசாது. செல்லம்ஸ் பேசும்போது கை பறக்கும், கண் விரியும், ஒவ்வொரு 'னா'வுக்கும் தலை பக்கவாட்டில் சாயும். கண்ணாடித் தோல், பத்துப் படி, காலையில் ஏழு பூச்சு, ராத்திரி ஒன்பது, இது இல்லாம எப்படி வாழ்ந்தீங்க, கீழ லிங்க் இருக்கு. போன மாதம் எல்லோரும் கன்னத்தில் ஐஸைத் தேய்த்தார்கள், இந்த மாதம் எல்லோரும் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். என் வகுப்பில் பதினெட்டுப் பேர் ஒரே புருவம் வைத்திருக்கிறார்கள். மேலே தூக்கிச் சீவிய ஒரே புருவம், ஒரே பளபளப்பு, ஒரே பிங்க். வரிசையில் நின்றால் ஃபேன்சி ஸ்டோர் அலமாரி. எனக்கு என்ன பிடிக்கும் தெரியுமா? தீர்ந்துபோன லிப்ஸ்டிக்கின் அடிக்கட்டையைக் கரண்டியில் போட்டு மெழுகுவர்த்தியில் உருக்கும்போது வரும் வாசனை. இரண்டு நிறம் ஒன்றில் ஒன்று கரைகிற அந்த நொடி. கண்ணுக்குக் கீழே மையை ஒரு நூல் அகலம் இறக்கினால் ஒருத்தி எப்படித் திருடியாகிறாள், ஒரு நூல் ஏற்றினால் எப்படி நர்ஸ் ஆகிறாள் என்பது. நாற்பது ரூபாய்க் கண்மைக்குள் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் அடித்துத் துவைத்து ஒரே பிங்க் பிள்ளையாக்கி வெளியே அனுப்புகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வராதா? அக்கா வீட்டில் ஹால் பூராவும் அட்டைப்பெட்டி. கம்பெனிகள் சும்மா அனுப்புவது. ஒருதடவை போயிருந்தபோது எண்ணிப் பார்த்தேன், ஒரே நிறத்தில் பதினோரு லிப்ஸ்டிக், பதினோரு பெயர். அத்தான்தான் பிரிப்பார், அடுக்குவார், வீடியோ எடுப்பார், பேஜில் போடுவார். அக்கா முகத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

ஆரஞ்சைத் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஒற்றினேன். நாவல்பழம் சாம்பலாகியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள், வயிறு மேலே ஏறி இறங்கியது. உள்ளே இருக்கும் பொடிப்பயலோ பொடிச்சியோ ஒரு உதை விட்டிருக்க வேண்டும், பட்டுச்சேலை ஒரு இடத்தில் துள்ளியது. "இங்க ஏற்கனவே என்னமோ அப்பிருக்கியே" என்று தாடைப் பக்கம் ஈரப் பஞ்சை வைத்தேன். அவள் வீட்டிலேயே கெட்டியாக ஃபவுண்டேஷன் போட்டு வந்திருந்தாள், வெடித்த களிமண் மாதிரி. "அத விடு, அது நல்லாத்தான் இருக்கு" என்று என் கையைப் பிடித்தாள். அதற்குள் பஞ்சு ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. பச்சை கலந்த மண். நான் மறுபடியும் பார்த்தேன். பச்சை கலந்த மண். ஐந்தாம் நாள். மண்டைக்குள் அந்தக் கணக்கு நோட்டு தானாகப் புரண்டது. பீரோ ஒரே நாளில் இரண்டு நிறத்தில் இடிக்காது. கதவு நேற்று இடித்தது, ஐந்து நாளைக்கு முன்னால் இடித்தது யார், ஜன்னலா? காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினேன். அக்கா இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். காது மடலுக்குக் கீழே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில், மஞ்சள் ஓரத்தோடு தேயிலை. எட்டாம் நாள். வரிசையாக நாலு சின்ன வட்டம். நாலு விரல் நுனி. கட்டைவிரல் அந்தப் பக்கம் இருக்கும். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கழுத்தைப் பிடிப்பது எப்படி என்றும் எனக்குத் தெரியும், என் தோழி ஒருத்தியின் கழுத்தில் நானே வரைந்து அவளை ஹாஸ்டல் வாசலில் உட்காரவைத்திருக்கிறேன். "பீரோக்குக் கை இருக்காக்கா?" என்றேன். ஜோக் மாதிரி சொல்லத்தான் நினைத்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது எங்கள் தெரு நாய் மேல் லாரி ஏறியபோது அது போட்ட சத்தம்.

அவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள். கண்ணைத் திறக்காமல், உதட்டை ரொம்ப அசைக்காமல், மேக்கப் போடும்போது பேசுவார்களே, அப்படி. "லைவ்ல ஒளறிட்டேன்ட்டி. அந்தப் புது க்ரீமப் போட்டதும் திகுதிகுன்னு எரிஞ்சுது. வயித்துப்புள்ளக்காரி, என்னத்தக் கலந்திருக்கானோன்னு பயம். 'எரியுது மக்களே, இத வாங்காதீங்க'ன்னு வாய் தவறி வந்துருச்சு. நாலாயிரம் பேர் பாத்துட்டு இருந்தாங்க. கம்பெனிக்காரன் அன்னைக்கே விலகிட்டான்." அது எட்டு நாளைக்கு முன்னால். அஞ்சாம் நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நேற்றைக்கு மட்டும், "சளியோட மூஞ்சி ஊதிருக்கு, இன்னைக்கு வீடியோ வேணாம்னேன்" என்றாள். "அம்மாட்ட சொல்லு." "சொல்லி? ஏழு மாசத்துல, அம்புட்டுப் பேரு முன்னாலயா? அப்பா மேல்சட்டை போடாம வாசல்ல நிக்கிற மனுசன்ட்டி, அவரு அரட்டுறதெல்லாம் கோழியத்தான். இன்னைக்கு மட்டும் மறச்சிரு. அப்புறம் பாத்துக்கிடலாம்." அப்புறம் எங்கே? எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், வளையல் அடுக்கியதும் பிள்ளைத்தாய்ச்சி அம்மாவோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அத்தான் போன வாரமே போனில் அம்மாவை ஊறப்போட்டுவிட்டார். "கம்பெனிக்கு ஒம்பதாம் மாசம் வரைக்கும் வீடியோ வாக்குக் குடுத்தாச்சு அத்தை, இன்னொரு கம்பெனி, பெரிய கம்பெனி. பிரசவத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடி நானே கொண்டாந்து விட்டுர்றேன்." அம்மாவுக்கு அந்த விலைச்சீட்டுச் சிரிப்பு பிடிக்கும். குடிக்காத மாப்பிள்ளை, பீடி கிடையாது, அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார். சரி என்றுவிட்டாள். அக்கா பெட்டி காரிலிருந்து இறங்கவே இல்லை. சாயந்தரம் நாலு மணிக்கு அவள் அந்தக் காரில் ஏறுவாள். நான் மறைத்தால் ஏறுவாள்.

கொல்ல வேண்டும். எப்படிக் கொல்லலாம்? இதில் எனக்குப் பஞ்சமில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் காம்பஸ் முனையை அந்தத் தேன் தொண்டையில் வைத்து ஒரு முழு வட்டம். த்ரெட்டிங் நூலை விரலில் மாட்டி, புருவத்தில் ஆரம்பித்து, நிறுத்தாமல், நெற்றி, தலை, காது என்று வேரோடு. மூக்கில் கரும்புள்ளி எடுக்கும் பட்டையை முகம் பூரா ஒட்டி, காய்ந்ததும், ஹாய் செல்லம்ஸ், இப்ப பாருங்க எவ்ளோ ஈஸியா உரிஞ்சு வருதுன்னு. கண்ணிமை முடி சுருட்டுகிற இடுக்கியில் முடிக்குப் பதில் இமையையே. அந்த க்ரீமை டப்பா டப்பாவாக வாயில் திணித்து, முழுங்குங்க அத்தான், முழுங்குங்க, கீழ லிங்க் இருக்கு. ரத்தம் எப்படிச் சொட்டும், என்ன கனத்தில் சொட்டும், டைல்ஸில் விழுந்தால் ஓரம் எப்படி விரியும் என்று எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, ஆனால் எல்லாமே ரோஸ்மில்க் வாசனை அடித்தது. அதுதான் கொடுமை. என்னிடம் இருக்கிற எந்த ரத்தமும் நிஜமில்லை. இவ்வளவு கொலையும் நடந்துகொண்டிருக்கும்போதே என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்கிறீர்கள்? வேலை செய்துகொண்டிருந்தது. மஞ்சள் ஓரத்துக்கு வெளிர் ஊதா, பச்சை மண்ணுக்குச் சிவப்பில் ஒரு துளி. ஸ்பாஞ்சின் கூர்முனையால் ஒற்றி ஒற்றி ஓரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல். சோறு பார்த்த நாய் மாதிரி.

கதவு தட்டப்பட்டது. "கோமு? செம்பா? முடிஞ்சுதா? ஒரு ரெடியாகுற வீடியோ எடுத்துரலாம்." ரேடியோ. அக்காவின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்து அம்மா வெளியே வந்தாள். "மாப்ளே, பிள்ள சேலை மாத்திட்டு இருக்கா, ஒரு அஞ்சு நிமிசம். நீங்க போயி காப்பி குடிங்க, மாப்ளே." அந்தக் கடைசி மாப்ளேயில் அம்மாவின் கூச்சம், தொண்டைக் கரகரப்பு, முந்தானையை வாயில் வைக்கிற சத்தம் எல்லாம் இருந்தது. "சரிங்க அத்தை" என்று செருப்பு நகர்ந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, சின்னப் பிள்ளையில் போர்வைக்குள் சிரிப்போமே அப்படி. சிரிப்பு கன்னத்தை இழுத்ததும் அவளுக்கு வலித்து, ஸ்ஸ் என்று, அதற்கும் சிரித்து, கண்ணீர் வழிந்து, நான் போட்ட பவுடரில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கியது. "ஐயோ அழாதக்கா, எல்லாம் போச்சு" என்று வாய்க்காலை மறுபடி நிரப்பினேன். நிரப்பிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். இல்லை. எதுவுமே இல்லை. நேற்றும் இல்லை, அஞ்சு நாளும் இல்லை, எட்டு நாளும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின என் அக்கா மறுபடி உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் நிஜ ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு லேசான சிவப்புகூட வைத்திருந்தேன். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். கழுவில் ஏற்றுங்கள் என்னை. அதைத்தான் நினைத்தேன். இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் முதல் தரம் என்று நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குறளி கை தட்டியது.

பிறகு கதவைத் திறக்கத்தானே வேண்டும்? திறந்தேன். அத்தான் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நேராக அக்காவிடம் போய், தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, டியூப்லைட்டுக்குக் காட்டித் திருப்பினார். இடது, வலது. காதோரம் முடியை ஒதுக்கி அங்கேயும் பார்த்தார். எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாம்பழக் கடையில் பழத்தைத் திருப்பிப் பார்ப்பார்களே, அழுகல் எந்தப் பக்கம் என்று. "சூப்பர்" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட குரல், விலைச்சீட்டு இல்லாத குரல், அதை அன்றைக்குத்தான் கேட்டேன். "செம்பா, நீ இவ்வளவு நல்லாப் பண்ணுவன்னு தெரியாமப் போச்சே. நேத்துப் பூரா என்ன பண்ணப் போறோம்னு மண்டையப் போட்டு ஒடச்சிட்டிருந்தேன்." பிறகு தோளைத் தட்டி, "நம்ம வீட்ல அந்த லைட் வெச்ச பெட்டி இருக்கில்ல, நாப்பத்தெட்டுக் கலர், அது உனக்குத்தான். லீவு விட்டதும் வந்துரு. இனிமே எப்பத் தேவைப்பட்டாலும் உன்னையே கூப்ட்டுக்கிறேன், சரியா?" நாற்பத்தெட்டு நிறம். எனக்கு அந்தப் பெட்டி தெரியும். மூடியைத் திறந்தால் சுற்றி விளக்கு எரியும், மூன்றாம் வரிசையில் மயில்கழுத்து நிறம் ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கரண்டியிலும் என்னால் உருக்க முடிந்ததில்லை. ஒரு இமைப்பு நேரம், ஒரே ஒரு இமைப்பு, நான் அந்த மயில்கழுத்தைப் பார்த்தேன். அடுத்த இமைப்பில்தான் அவர் சொன்ன மற்ற வார்த்தை வந்து சேர்ந்தது. எப்பத் தேவைப்பட்டாலும். அவர் மறுபடி அடிப்பதாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை வாங்கிவைப்போம் என்பது மாதிரி சொன்னார். குடை நான். "வெளிய ஸ்டாண்ட் போட்டு வெக்கிறேன், ரெண்டு நிமிசத்துல கூட்டிட்டு வா" என்று போய்விட்டார், போகும்போது வாசலில் யாரிடமோ "மச்சினி செம டேலண்ட்டுங்க" என்றார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இருந்தவளை இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது. அதுதான் கஷ்டம். வெளியே பொன்னுத்தாய் பெரியம்மா, "ஏய், நேரமாச்சுட்டி, விருந்தே ஆக்கி எறக்குற மாதிரியா அலங்காரம் பண்ணுறீக" என்று கத்தினாள். எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒரு உபதேசம் வந்தது, அம்மா குரலில் ஒரு கெஞ்சல் வந்தது, செல்லம்ஸ் குரலில் ஒரு கிண்டல். ஒன்றும் ஒத்துவரவில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துப் பஞ்சில் சாய்த்தேன். எண்ணெய் போட்டால் எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். பஞ்சு நனைந்து கனத்து என் விரலில் வழிந்தது. "தொடச்சிரவாக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயமாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிடு என்றுகூட ஒரு பக்கம் இருந்தது. இவள் வேண்டாம் என்றால் நான் தப்பித்துவிடுவேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். டியூப்லைட் நாலுதடவை கண்ணடித்தது, நான் எண்ணினேன். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, "கண்ணுக்குள்ள எண்ணெ போகாமத் தொட" என்றாள். முதலில் பவுடர் வந்தது. பிறகு என் ஆரஞ்சு. பிறகு அடியிலிருந்து அது எழுந்துவந்தது, கொஞ்சமும் குறையாமல், எண்ணெய் பட்டு இன்னும் பளபளப்பாக. கண்மையை மட்டும் விட்டுவைத்தேன். பொட்டையும்.

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. நாற்காலிக்கு எதிரே ஸ்டாண்டில் போன். அத்தான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடந்துபோகும்போது நானும் பார்த்தேன். திரையில் அக்கா வந்துகொண்டிருந்தாள், கண்ணாடித் தோலோடு, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல், கன்னம் பிங்க்காக. போனில் போட்டிருந்த அழகு ஃபில்டர் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. அவர் திரையைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினார். தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா உட்கார்ந்தாள். ஒரு பேச்சுக் குறைந்தது, இன்னொரு பேச்சுக் குறைந்தது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை விட்டார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். முதல் சந்தனம் பெற்றவள்தான் பூச வேண்டும், இரண்டு கன்னத்திலும். விரலைத் தோய்த்து, குனிந்து, அப்படியே நின்றாள். நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். "ஏட்டி செம்பா! நல்ல நாளும் அதுவுமா ஒஞ் சேட்டைய இவ மூஞ்சிலயா காட்டணும்? வயித்துப்புள்ளக்காரிகிட்டயா?" மண்டபமே சிரித்தது. இறுகிப்போயிருந்த நாற்பது முகமும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. "அதானே பாத்தேன், பகீர்னு ஆயிருச்சு" என்றாள் பெரியம்மா, "இவளக் கட்டிக்கிடப் போறவன் ஒவ்வொரு நாளும் மாரடைப்புலதான் கெடப்பான்." அத்தானும் சிரித்தார். அப்போதுதான் திரையிலிருந்து தலையைத் தூக்கினார், சிரிப்பு அப்படியே வாயில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். இல்லம்மா, நிஜம்மா என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள், இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள், ஆகா என்னமா நடிக்கிறா என்பார்கள். பதினேழு வருஷமாக நானே கட்டிய சுவர், நானே பூசிய வண்ணம்.

அம்மா கிண்ணத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். விரலில் இருந்த சந்தனத்தைக் கழுவிவிட்டு, முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்தாள். "இரு கண்ணு, அழிச்சிவிடுறேன், சாந்தோ சனியனோ" என்று சொல்லி, என் திராட்சைக் கண்ணையும் கோடாலியையும் எத்தனையோ தடவை துடைத்த அதே அவசரத்தில், அக்காவின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள். அக்காவின் கை நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்தது, வெறும் கை, இன்னும் ஒரு வளையல்கூட ஏறாத கை. அம்மா முந்தானையைத் திருப்பிப் புது ஓரத்தால் மறுபடி தேய்த்தாள். "என்னத்தப் போட்டு ஒட்டியிருக்கா, வரமாட்டேங்குதே." மூன்றாம் முறை துணியை விட்டுவிட்டு விரலாலேயே தேய்த்தாள், தேய்ப்பு பாதியில் மெதுவானது, இன்னும் மெதுவானது. சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நின்றிருந்தது. "வராதும்மா" என்றாள் அக்கா.

அம்மா கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விரலைப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.